கிழவி சொன்ன காற்று

காலை ஆறு பத்துக்குக் கூரையின் கடைசி ஓடு கீழே இறங்கியது.

அதை வாங்கி அடுக்கிய மாமனார் கையைத் தட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். வீட்டுக்குள் நின்றபடியே வானம் தெரிந்தது. சமையலறைக்கு மேல் வானம், நடைக்கு மேல் வானம், கட்டிலுக்கு மேல் வானம். சட்டங்கள் மட்டும் சதை தின்ற மீனின் முள் மாதிரி நின்றன.

ஓட்டு மேஸ்திரி சட்டத்தின் மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். பாதிக்கு மேல் சட்டம் உளுத்திருக்கிறது, மாற்ற நான்கு நாளாகும், நடுவில் மழை வந்தால் தன்னைக் கேட்கக்கூடாது என்றார்.

“அஞ்சு நாளைக்கு ஒரு பொட்டு விழாது,” என்றார் மாமனார்.

“அப்படி யாரு சொன்னது?”

“என் மருமக.”

தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். முப்பது வருடம் பஸ் ஓட்டிய தொண்டை.

மருமகள் சமையலறையில் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். வானிலை அலுவலகத்தில் அவளுக்குக் காற்றுக்காரி என்று பெயர். அவள் மழை சொல்பவள் அல்ல. மழை சொல்பவர்கள் வேறு அறையில் இருந்தார்கள். வானத்தில் மேலே வீசும் காற்றைச் செயற்கைக்கோள் ஒரு கணக்குச் சொல்லும்; பறக்கிற விமானங்கள் ஒரு கணக்குச் சொல்லும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எது எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. இடிக்காத கணக்குதான் மழை சொல்பவர்களுக்குப் போகும். இதைப் பல தடவை மாமனாருக்கு விளக்கியிருக்கிறாள். டிரைவர் வேறு, கண்டக்டர் வேறு, ஆனால் பஸ் ஒன்றுதானே என்பார் அவர்.

கணவன் அடுக்கி வைத்த ஓடுகளின் மேல் உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாக அவளிடம் அவன் நேராகப் பேசவில்லை. எது வேண்டுமானாலும் தங்கை வழியாகத்தான்.

“உன் அண்ணிகிட்ட கேளு, இந்த டீயில சக்கரை போட்டாச்சான்னு.”

நாத்தனார் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். வாடிக்கைக்காரர்களின் துணி மூட்டைகளைத் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, “அண்ணி, அண்ணன் சக்கரை கேக்குறாரு,” என்றாள்.

“அவரு நாக்கையே கேட்டுக்கச் சொல்லு. இல்ல, அதுக்கும் காம்பஸ் கோணிப்போச்சா?”

நாத்தனார் சிரித்துவிட்டாள். கணவன் சிரிக்கவில்லை.

அவன் விமானக் கம்பெனியில் கருவிகள் பார்ப்பவன். எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், எந்தத் திசை என்று விமானத்துக்குச் சொல்லும் கருவிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவான். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் விமானம் கிளம்பும். இருப்பதிலேயே பழைய விமானம் ஒன்று முழுக்க அவன் பொறுப்பு. கம்பெனியில் எல்லோரும் அதைக் கிழவி என்பார்கள். கிழவி தினமும் ஒரு தடவை கடலைத் தாண்டிக் கிழக்கே போகும். அந்த வழியில் அந்த உயரத்தில் போவது அது ஒன்றுதான். பிற்பகலில் திரும்பி வரும். போகிற வழியெல்லாம் காற்றை அளந்து சொல்லிக்கொண்டே போகும். அந்தச் சொல் வந்து விழுவது மனைவியின் திரையில். கல்யாணமான புதிதில் அது அவர்களுக்கு ஒரு விளையாட்டாகவே இருந்தது. இன்னிக்கு உங்க கிழவி நல்லாப் பேசினா என்பாள். அண்ணனுக்கு ரெண்டு பொண்டாட்டி, ரெண்டும் காத்தைப் பத்தியே பேசுது என்பாள் நாத்தனார்.

இரண்டு வாரமாகக் கிழவி சொன்ன காற்றும் செயற்கைக்கோள் சொன்ன காற்றும் ஒட்டவில்லை. ஒரு விமானம் தொடர்ந்து பத்து நாள் ஒட்டாவிட்டால் அதைக் கழிவுப் பட்டியலில் தள்ளிவிட்டு, கருவியைப் பாருங்கள் என்று கம்பெனிக்குச் சொல்லிவிடுவது அலுவலக வழக்கம். அப்படியே சொல்லியாகிவிட்டது. திசைகாட்டி கோணல் என்று கம்பெனி சந்தேகப்பட்டு, அவன் கையெழுத்தை நிறுத்தி வைத்தது. நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. கோணல் உறுதியானால் இனி அவன் கையெழுத்துக்கு எங்கேயும் மதிப்பில்லை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போக வேண்டியதுதான்.

கம்பெனிக்கு எழுதி அனுப்பியவர் அவள் அலுவலகத் தலைவர். ஒட்டவில்லை என்று காட்டிய அட்டவணை காற்றுக்காரியுடையது.

“காம்பஸ் கோணல,” என்றான் கணவன். மூன்று நாளில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். “கிழவியைத் தரையில நிறுத்தி, சுத்திச் சுத்தி எல்லாத் திசையிலயும் பார்த்திருக்கேன். உன் சாட்டிலைட் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால உக்காந்து எட்டிப் பார்க்குது. கிழவி அந்தக் காத்துக்குள்ளயே போறா. யாரு பேச்சை நம்புவ?”

“ஆயிரம் பேரு ஒண்ணு சொல்றாங்க. உங்க ஆளு ஒருத்தி வேற சொல்றா.”

“ஆயிரம் பேரும் ஒரே சாட்டிலைட்டோட வாய்.”

அவள் வேறு பக்கம் திரும்பி நாத்தனாருக்கு விளக்கத் தொடங்கினாள். விமானம் தான் பார்க்கும் திசையை இம்மி தப்பாக நினைத்தாலும் பக்கவாட்டில் இல்லாத காற்று இருப்பதாகக் கணக்கில் வந்துவிடும். கிழவிக்கு வந்திருப்பதும் சரியாகப் பக்கவாட்டு வித்தியாசம்தான். நாத்தனாருக்குப் புரியவில்லை.

“நீங்க நடந்து காட்டுங்க,” என்றாள் காற்றுக்காரி கணவனிடம். “வலது பக்கமாச் சாய்ஞ்சு நடங்க. ஆனா நேராப் போறதா நினைச்சுக்கங்க.”

“அது எனக்கு இப்ப கஷ்டமே இல்ல,” என்றான் அவன். நேராகப் போனவனுக்குத்தான் இந்தக் கதி என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்தான்.

நடையின் இரண்டு ஓரத்திலும் இடுப்பளவுக்கு ஓடு அடுக்கியிருந்தது. நடுவில் ஓர் ஆள் போகத்தான் இடம். அவன் வலது தோளைச் சாய்த்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். நாலாவது எட்டில் சமையலறைப் பக்கத்து ஓட்டில் இடித்தான். சட்டத்தின் மேலிருந்து மேஸ்திரி, உடைஞ்சா உங்க கணக்கு என்றார். வாசல் வரை போய் அதே மாதிரி சாய்ந்துகொண்டு திரும்பி வந்தான். இந்தத் தடவை படுக்கையறைப் பக்கத்து ஓட்டில் இடித்தான்.

“நல்லா இருக்கு,” என்றாள் நாத்தனார். “போறப்ப சமையல்கட்டு, வர்றப்ப ரூமு. யாரு மனசும் நோகாம ரெண்டு பக்கமும் சமமா இடிக்கிறாரு.”

காற்றுக்காரியின் கை தேநீர் வடிகட்டியோடு அந்தரத்தில் நின்றது.

“இன்னொரு தடவை போயிட்டு வாங்க.”

“எதுக்கு?”

“போயிட்டு வாங்க.”

அவன் போய் வந்தான். அந்தப் பக்கம் ஒரு இடி. இந்தப் பக்கம் ஒரு இடி. இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் ஒன்றுக்கு ஒன்று கழிந்து மிச்சம் இருக்கக்கூடாது. அவளுடைய அட்டவணை ஒவ்வொரு நாளும் போனதையும் வந்ததையும் ஒன்றாகப் போட்டுத்தான் சராசரி எடுத்தது. வேலை சுலபமாகட்டும் என்று அவளே அப்படி அமைத்தது. கோணல் திசைகாட்டியாக இருந்தால் அந்தச் சராசரியில் அது தெரிந்திருக்கவே கூடாது. ஆனால் தெரிந்தது. வினாடிக்கு ஏழு மீட்டர்.

அப்படியானால் அந்த ஏழு கிழவியுடையது இல்லை.

அடுப்பை அணைத்தாள்.

“சட்டையை மாத்துங்க.”

“எங்க போறோம்?”

“ஆபீஸுக்கு.”

“உனக்கு இன்னிக்கு லீவாச்சே.”

“அதனாலதான் போறேன். வேலை நாள்ல இதையெல்லாம் பார்க்க நேரம் எங்க இருக்கு?”

ஸ்கூட்டரை அவன் ஓட்டினான். அவள் பின்னால் உட்கார்ந்து அவன் காதுக்குள் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். சிக்னலில் பக்கத்தில் நின்ற லாரிக்காரர் இவர்கள் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து, வீட்டுல போய் வெச்சுக்கங்கம்மா என்றார். கணவனுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. வீட்டுல கூரையே இல்லண்ணே என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தான்.

அவளுடைய அறை இரண்டாவது மாடியில், ஜன்னல் இல்லாமல் இருந்தது. வானத்தைப் பற்றிய வேலைக்கு வானம் தெரியாத அறை கொடுத்திருக்கிறார்கள் என்பது அங்கே பழைய கேலி. கணவன் பார்வையாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். எதையும் தொடக்கூடாது என்று வாசலில் காவலாளி சொல்லியிருந்ததால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அவள் அட்டவணையைப் பிரித்தாள். கிழவி கிழக்கே போனது ஒரு பக்கம். மேற்கே திரும்பியது ஒரு பக்கம். இரண்டு வாரத்துக் கணக்கு. திரை கொஞ்சம் யோசித்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்தாள்.

“போறப்ப எட்டு,” என்றாள். “வர்றப்ப ஆறு.”

“எந்தப் பக்கம்?”

“ரெண்டும் ஒரே பக்கம். ரெண்டுமே வடக்குப் பக்கம். சாட்டிலைட் சொல்ற காத்து எப்பவும் கிழவி சொல்றதை விட வடக்கு நோக்கிக் கூடுதலா வீசுது. நீங்க போனாலும் சரி, வந்தாலும் சரி.” அவள் குரல் ஏறியது. “இடிக்கிற பக்கம் மாறவே இல்லைங்க. ஏழு அப்படியே நிக்குது. மேல ஒண்ணு கீழ ஒண்ணு மட்டும் ஆடுது.”

அவன் கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டான்.

“அந்த ஆடுற ஒண்ணு?”

“அது உங்களுது.”

“கால் டிகிரி வருமா?”

“கால் டிகிரி.”

“அது அளவுக்குள்ளதான்.”

“அளவுக்குள்ளதான். ஆனா உங்களுது.”

ஏழு பேரோட சண்டைக்கு வந்தவனை ஒருத்தனோட அனுப்பி வைக்கிறியே, இது போதும் என்றான்.

ஏழு எங்கிருந்து வந்தது என்று தேட அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். ஒரு மேகம் இந்தப் படத்தில் எங்கே, அடுத்த படத்தில் எங்கே என்று பார்த்தால் காற்றின் வேகம் வந்துவிடும். அந்த மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் சிக்கல். அதைக் குளிர்ச்சியை வைத்துச் சொல்வார்கள். எவ்வளவு குளிரோ அவ்வளவு உயரம். மேகம் கனமாக இருந்தால் சரியாக வரும். மஸ்லின் துணி மாதிரி மெல்லிசாக இருந்தால், அடியில் இருக்கிற கடலின் சூடு அதன் வழியாகக் கசிந்து மேலே தெரியும். மேகம் இருப்பதைவிடச் சூடாகத் தோன்றும். சூடு கூடினால் உயரம் குறைத்து எழுதப்படும்.

இரண்டு வாரமாகக் கடலுக்கு மேல் அப்படி ஒரு மெல்லிய மேகம் விரித்துக் கிடந்தது.

தலைவர் வந்தார். எப்போதும் கையில் வெந்நீர் டம்ளரோடு நடப்பவர்; எதையும் ஊதி ஊதித்தான் குடிப்பார், ஊதி ஊதித்தான் நம்புவார். பார்வையாளர் நாற்காலியில் இருப்பது யார் என்று கேட்டு, தெரிந்ததும் சங்கடமாகத் தலையாட்டினார். அவள் சொன்னதை நின்றபடியே கேட்டார். ஆயிரக்கணக்கான காற்றும் தப்பு என்கிறாயா என்றார்.

“காத்து சரி சார். மாடிதான் தப்பு,” என்றாள். “வேகம் சரி, திசை சரி. மேல்மாடிக் காத்தைக் கொண்டுவந்து கீழ்மாடியில எழுதி வெச்சிருக்கோம். கிழவி கீழ்மாடியில போறா. நான் போற இடத்துல அந்தக் காத்து இல்லன்னு ரெண்டு வாரமாச் சொல்றா. நாமதான் அவளைக் கழிச்சுட்டோம்.”

தலைவர் வெந்நீரை ஊதினார்.

“அந்த மெல்லிசு மேகம் இல்லாத நாள் ஏதாவது உண்டா, இந்த ரெண்டு வாரத்துல?”

அதை அவள் பார்க்கவில்லை. நல்ல கேள்வி என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அவள் கணக்கு தவறாக இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். தேடினாள். கிழவியைக் கழிவுப் பட்டியலில் போட்ட பிறகு, நேற்றைக்கு முந்தின நாள் ஒன்று இருந்தது. அன்றைக்கு மேகம் விலகிக் கடல் பளிச்சென்று கிடந்தது. கனத்த மேகங்கள் மட்டும் அங்கங்கே. அன்றைய வித்தியாசத்தைப் பிரித்துப் பார்த்தாள். ஏழு காணாமல் போயிருந்தது. ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“என் ஒண்ணு,” என்றான் கணவன், சொந்தக்காரனைக் கண்ட மாதிரி.

தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் டம்ளரைக் கீழே வைத்து அவள் பார்த்ததில்லை. மெல்லிய மேகக் காற்றையெல்லாம் இரண்டரைக் கிலோமீட்டர் மேலே தூக்கி வைத்து, கிழவியையும் உள்ளே சேர்த்து, முன்கணிப்பை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சோதனைக்குத்தான் என்று இரண்டு தடவை சொன்னார்.

ஓடி முடிய மதியமாகிவிட்டது. நடுவில் மூவரும் வேகவைத்த முட்டையும் ரொட்டியும் தின்றார்கள். கணவனும் தலைவரும் திசைகாட்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். படம் வந்ததும் மூன்று பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஒரே திரைக்கு முன்னால் நெருங்கினார்கள்.

கடலில் தெற்கே இரண்டு நாளாக ஒரு மழைக்கூட்டம் நின்றுகொண்டிருந்தது. மேல்காற்று அதை வடக்கே தள்ளிக் கடலோடேயே கொண்டுபோய்விடும் என்பது காலைக் கணிப்பு. அதை வைத்துத்தான் ஐந்து நாளைக்கு மழை இல்லை. புதிய படத்தில் தள்ளுகிற காற்று அந்த உயரத்தில் இல்லை. தள்ள ஆளில்லாத மழைக்கூட்டம் நேராகக் கரையைப் பார்த்து வந்தது. இன்றைக்கே. பொழுது சாய்வதற்குள்.

மழை சொல்லும் அறைக்கு அதைக் கொண்டுபோனார்கள். ஒரே ஒரு சோதனை ஓட்டத்தை வைத்து அறிவிப்பை மாற்ற முடியாது, அடுத்த வழக்கமான கணிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அது அவர்கள் வழக்கம். குறை சொல்ல முடியாது.

“கம்பெனிக்கு நீங்க எழுதணும் சார்,” என்றாள் நடையில். “நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை.”

தலைவர் ஏழு மணிக்கு வெளியூர் கிளம்புகிறவர். எழுதுவது என்றால் அதற்குள்தான். ஏற்கெனவே ஒரு தடவை எழுதிவிட்டு இப்போது இல்லை என்றால், எதை வைத்து என்று கம்பெனி கேட்கும் என்றார்.

“மழை வந்தா நான் சொன்னது சரின்னு ஆயிடாது சார். வரலைன்னா தப்புன்னும் ஆகாது. பிரிச்சுப் பார்த்த கணக்குதான் சாட்சி.”

“அது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கம்பெனிக்காரங்களுக்கு நனைஞ்சாத்தான் தெரியும்.” டம்ளரைத் தேடினார், அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். “உங்க வீடு கடல் பக்கம். இங்க வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அங்க விழும். நான் கிளம்பறதுக்குள்ள விழுந்தாப் போன் பண்ணுங்க. கையோட எழுதி அனுப்பிட்டுத்தான் வண்டி ஏறுவேன்.”

படிக்கட்டில் இறங்கும்போது கணவன் விசிலடித்தான். அவள் கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

“கூரை,” என்றாள்.

அவன் விசிலை நிறுத்தவில்லை.

மாமனார் உளுத்த சட்டங்களைத் தெருவில் அடுக்கிக்கொண்டிருந்தார். மேஸ்திரி புதுச் சட்டங்கள் பாதியைப் பொருத்தியிருந்தார். வானம் நீலமாக, குற்றமே செய்யாத முகத்தோடு இருந்தது. மிக உயரத்தில் மட்டும் வெள்ளையாக மெல்லிசாக ஒரு விரிப்பு.

ஓட்டைத் திரும்ப ஏற்ற வேண்டும், சாயங்காலம் மழை வருகிறது என்று அவள் சொன்னதும் மாமனார் ரேடியோவைக் காட்டினார். சற்றுமுன்தான் கேட்டாராம். மழை இல்லையாம்.

“உன் ஆபீஸ்தானம்மா சொல்லுது.”

“ஆமா மாமா.”

“நீயும் அந்த ஆபீஸ்தானே?”

“ஆமா மாமா.”

“காலையில சொன்ன மருமகளை நம்பறதா, மத்தியானம் சொல்ற மருமகளை நம்பறதா?”

“அவ ரெண்டாளு இல்லப்பா,” என்றான் மகன். “காலையில இருந்தது ஒரு மாடி, இப்ப இருக்கறது வேற மாடி.”

மாமனார் மகனின் முகத்தை உற்றுப் பார்த்தார். மூன்று நாளாக எண்ணெய் வற்றிய விளக்கு மாதிரி இருந்த முகம். இப்போது என்ன இத்தனை வெளிச்சம் என்று கேட்டார். நாத்தனார் விசாரணை, கிழவி, மழை மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுச் சொன்னாள். மழை வந்தால் அண்ணன் கையெழுத்துத் திரும்பி வரும். வராவிட்டால் கூரை பிழைக்கும்.

“ஓகோ,” என்றார் மாமனார். “வீடு மிதந்தாலும் பரவாயில்ல, கிழவி மானம் போகக்கூடாது. உனக்கு மழை வேணும். எனக்கு வெயில் வேணும். இவ யாரு கட்சி?”

எல்லோரும் காற்றுக்காரியைப் பார்த்தார்கள்.

“நான் காத்துக் கட்சி மாமா. மழை வருது. ஓட்டை ஏத்துங்க.”

மேஸ்திரி மேலே இருந்து, பொருத்தின பாதிக்கு ஏற்றலாம், மீதிப் பாதிக்குச் சட்டமே இல்லை, காற்றின் மேலா ஓட்டை வைப்பது என்றார். நல்ல வெயிலில் கூரை பிரித்து நல்ல வெயிலிலேயே மூடும் வீட்டை இந்தத் தொழிலில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றும் சொன்னார். சொன்னபடியே கையை நீட்டினார்.

வரிசை கட்டினார்கள். நாத்தனார் அடுக்கிலிருந்து எடுத்துக் காற்றுக்காரியிடம் கொடுத்தாள். அவள் ஏணியடியில் மாமனாரிடம் கொடுத்தாள். அவர் ஏணியில் நின்ற மகனிடம் கொடுத்தார். மகன் மேஸ்திரியிடம். பழைய ஓடு; பாசி காய்ந்து உள்ளங்கையை உரித்தது. மூன்று மூன்றாகக் கொடுத்தால் வேகம். மாமனார் பஸ் நிறுத்தத்தில் ஆளேற்றுகிற மாதிரி, வா வா வா, உள்ள போ உள்ள போ என்று ஒவ்வொரு ஓட்டையும் விரட்டினார். எதிர் வீட்டு மாடியில் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டே, என்ன பெரியவரே, மருமக மாத்திச் சொல்லிட்டாளா என்றார். மாமனார் ஏணியடியிலிருந்து நிமிராமல், நீங்களும் துணியை எடுத்துடுங்க, அப்புறம் என்னைக் கேக்காதீங்க என்றார். எந்தக் கட்சியில் இருக்கிறோம் என்று அவர் முடிவு செய்துவிட்டது காற்றுக்காரிக்கு அப்போதுதான் தெரிந்தது.

நாலு மணிக்குக் கணவன் ஏணியிலிருந்து குரல் கொடுத்தான்.

“வர்றா.”

யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் ஏணியில் ஏறி, ஓடு வேயாத பக்கத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழக்கே கடல் மேலிருந்து ஒரு வெள்ளிப் புள்ளி. அதன் பின்னால் வெள்ளையாக ஒரு கோடு. இன்று வேறு ஆள் கையெழுத்தில் பறக்கிற கிழவி. நேரே தலைக்கு மேல் போனது. கோடு மெல்லிய விரிப்புக்குக் கீழே விழுந்தது. அது கீழேதான் என்று எப்படித் தெரிந்தது என்றால், விரிப்பு நகர்ந்தது, கோடு நின்றது.

அவள் கூரைச் சட்டத்தின் விளிம்பை அளவுகோலாக வைத்துக்கொண்டு பார்த்தாள். மேலே இருந்த வெண்பஞ்சு இழைகள் வடக்கே ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று போய் ஒன்று சட்டத்தைத் தாண்டியது. கிழவி போட்ட கோடு போட்ட இடத்திலேயே, சோம்பேறிப் பாம்பு மாதிரிக் கொஞ்சம் நெளிந்துகொண்டு கிடந்தது. பதினோரு வருடம் ஜன்னல் இல்லாத அறையில் எண்ணாகப் பார்த்ததை இப்போது ஒரே சதுரத்துக்குள் கண்ணால் பார்த்தாள். இரண்டு மாடி. இரண்டு காற்று. ஏழு மீட்டர்.

“தெரியுதா?” என்றாள்.

“தெரியுது.”

“மேல ஓடுது பாருங்க. கீழ நிக்குது பாருங்க.”

“பார்த்துட்டேன்டி.”

இரண்டு பேரும் ஓட்டை மறந்து அண்ணாந்து நின்றார்கள். கீழே மாமனார் மூன்று ஓட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, மேல என்ன சினிமாவா ஓடுது, கை கழலுது என்றார்.

ஐந்தரைக்குக் காற்று நின்றது. வெயிலின் நிறம் பித்தளையாக மாறியது. பிறகு கடல் பக்கமிருந்து ஒரு குளிர்ச்சி வந்து எல்லோர் கழுத்தையும் தொட்டுவிட்டுப் போனது. எதிர் வீட்டு மாடியில் துணிகளைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. பாதிக் கூரை மூடியிருந்தது. தையல் இயந்திரமும் துணி மூட்டைகளும் அதன் அடியில் போய்ச் சேர்ந்தன. சமையலறையும் நடையும் திறந்தே கிடந்தன. மேஸ்திரி இறங்கி வந்து பீடியைப் பற்ற வைத்தார். கணவன் நடையின் நடுவில், காலையில் இடித்த இடத்தில், முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான். வேண்டுதல் மாதிரி இருந்தது.

“அந்த ஒண்ணு,” என்றான் அப்படியே நின்றபடி. “அதைக் கம்பெனிக்குச் சொல்லணுமா?”

“சார்கிட்டச் சொல்லியாச்சு. ஏழும் எழுதுவாரு, ஒண்ணும் எழுதுவாரு.”

“நீ எப்பவும் இப்படித்தான்.” கொஞ்சம் யோசித்தான். “எழுதட்டும். கையெழுத்துத் திரும்பி வந்ததும் மொத வேலை கிழவியைச் சுத்திப் பார்க்கறதுதான்.”

சொல்லி முடித்தபோது அவன் நெற்றியில் ஒரு துளி விழுந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. அடுத்தது மேஸ்திரியின் பீடி நுனியில் விழுந்து சீறியது. அதற்கடுத்தது எது என்று எண்ண முடியவில்லை. கடல் பக்கமிருந்து தெருவின் கூரைகளில் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுக்கொண்டே வந்த மழை, அவர்கள் தலைக்கு மேல் பாதியில் ஓட்டுச் சத்தமாகவும் பாதியில் தண்ணீராகவும் இறங்கியது. நாத்தனார் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாமனார் சமையலறை நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, வீட்டுக்குள்ள குடை பிடிக்க வெச்சுட்டாளே என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். குறை சொல்கிற குரலாக அது இல்லை. காலையில் மேஸ்திரியிடம் சொன்ன அதே குரல். கணவன் நனைந்து சொட்டச் சொட்ட, மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஆறேகால். அவள் ஓடு வேய்ந்த பக்கத்துக்கு ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். தலைவர் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பெட்டியின் பூட்டைப் போடும் சத்தம் கேட்டது. இங்கே ஒரு துளிகூட இல்லையம்மா, வானம் பளிச்சென்று இருக்கிறது, கீழே வண்டி வந்துவிட்டது என்றார்.

அவள் போனோடு நடைக்கு வந்தாள். மழைக்கு நடுவில் நின்ற கணவன் அருகே வந்து நின்றான். போனைக் கையெட்டும் உயரத்துக்கு ஓட்டின் விளிம்பருகே தூக்கிப் பிடித்தாள். புதுச் சட்டத்தின் மேல் பழைய ஓடு முழுக்கப் பேசியது. கை வலிக்கும் வரை பிடித்துவிட்டு, காதுக்குக் கொண்டுவந்தாள்.

“கேக்குதா சார்?”